வண்டியில் ஏறாத நாகஜோதி

மம்சாபுரத்தில் ஒரு பொம்பளை சும்மா நடந்துவிட முடியாது. நம்பாதவர்கள் ஒரு சாயங்காலம் வந்து, கையில் பையோ தூக்குவாளியோ இல்லாமல், பஜாரிலிருந்து ஊர் எல்லையில் இருக்கும் மாரியம்மன் கோவில் வரைக்கும் நடந்து பார்க்கட்டும். நாலு கடை தாண்டுவதற்குள் ஒரு வண்டி வந்து பக்கத்தில் நிற்கும். "என்ன நடந்து போறீக, ஏறுங்க" என்பார்கள். வேண்டாம் என்றால் விட மாட்டார்கள். "நம்ம வண்டியிலயெல்லாம் ஏறுவீகளா" என்று ஒரு குத்தல் வரும். அதோடும் முடியாது. அடுத்த காதுகுத்து வீட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தெரிந்தவர் நடந்து போவதைக் கண்டும் வண்டியை நிறுத்தாமல் போவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. நிறுத்தியும் ஏறாமல் போவது அதைவிடப் பெரிய குறைவு.

நான் மாரீஸ்வரி. பஜார் முக்கில் மாவு மில் வைத்திருக்கிறேன். பகல் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிவிட்டதால், நான் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூடச் சண்டைக்கு வருகிறேன் என்பார்கள். கோபம் வருவதும் உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டாதவர்களிடம் நான் கோபப்படுவதே இல்லை, அவர்கள் எக்கேடும் கெடட்டும். நான் அதிகம் கோபப்பட்ட ஆள் பக்கத்து வீட்டு நாகஜோதி.

நாகஜோதிக்கு நாற்பத்தேழு வயது. வீட்டுக்காரர் சோலைராஜ் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். இவள் எங்கள் ஊரிலேயே நைட்டி தைக்கும் யூனிட் ஒன்றில் வருஷக்கணக்காக மிஷினில் உட்காருகிறாள். கழுத்துப் பட்டி வைத்துத் தைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. என்னை மதினி என்று கூப்பிடுவாள். சொந்தம் ஒன்றும் இல்லை. சுவர் ஒட்டியிருந்தால் மதினிதான்.

அவளுக்குச் சர்க்கரை வந்து ஆறேழு வருஷம் ஆகிறது. அது சோலைராஜுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஏன் இந்த ஒளிவு மறைவு என்றால், அவளுடைய அம்மா இருளம்மாளுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போயிற்று. பிறகு அந்த அம்மா அதிக நாள் இல்லை. "சர்க்கரக்காரி மக" என்று யாராவது சொல்லிவிட்டால், அம்மாவுக்கு நடந்தது எல்லாம் தனக்கும் நடந்துவிடும் என்று நாகஜோதிக்கு ஒரு பயம். மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பாள். விருந்து வீட்டில் பாயசம் ஊற்றினால், வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் குடித்துவிட்டு வருவாள். நான் திட்டுவேன். "ஒரு நாள் தான மதினி" என்பாள். எங்கள் ஊரில் வாரத்துக்கு மூன்று விசேஷம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது கண் மங்க ஆரம்பித்தது. இடது கண்ணில் புரை நன்றாக முற்றி, வெள்ளை வெளியே தெரிந்தது. வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. கறுப்புத் துணியில் தையல் எங்கே போகிறது என்று தெரியாமல் பட்டி கோணிக்கொண்டு போயிற்று. யூனிட்டில் பீஸ் பீஸாகத் திரும்பி வந்தது. முதலாளி அவளை மிஷினிலிருந்து எழுப்பி, தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டச் சொல்லிவிட்டார். புதிதாக வந்த பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை அது. அதைக்கூட விரல்களால் தடவிப் பார்த்துத்தான் வெட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கும். மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்து பார்த்து, ஆபரேஷனுக்கு ஆன ஆட்களை அன்றைக்கே பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். நான்தான் அவளை அழைத்துப் போனேன். விரலில் குத்திப் பார்த்தார்கள். முந்நூற்றுக்கு மேலே இருந்தது. "இம்புட்டுச் சுகர வச்சிக்கிட்டுக் கண்ணுல கை வைக்க முடியாதும்மா, கொறச்சிட்டு அடுத்த முகாமுக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முகாமுக்கும் போனோம். அப்போதும் அதே கதை. எங்களோடு வரிசையில் நின்ற ஆட்களெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற, நாங்கள் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளோடு ஊர் வரைக்கும் பேசவில்லை.

யூனிட் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அவரும் எத்தனை நாள் பார்ப்பார். மழைக்காலத்துக்கு முன்னால் இன்னொரு முகாம் இருந்தது. அது வரைக்கும் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு தன்னால் முடியாது என்றும் சொல்லிவிட்டார். எல்லாம் அந்த ஒரு முகாமில் வந்து நின்றது.

சுகாதார நிலையத்து நர்ஸ் பரிபூரணம் மாத்திரையை மாற்றி வாங்கிக் கொடுத்துவிட்டு, "தினமும் நடக்கணும். வேர்க்க வேர்க்க நடக்கணும்" என்றார்.

"நாள் பூரா வேலதான சிஸ்டர் பாக்கேன், அது பத்தாதா?"

"உக்காந்த எடத்துல பாக்குற வேல ஒங்க சுகருக்குத் தெரியாது. எந்திரிச்சு நடங்க."

நாகஜோதி அன்று சாயங்காலமே நடக்கக் கிளம்பினாள். கால் மணி நேரத்தில் உரக்கடை ஐயாதுரை அண்ணாச்சியின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தாள். பார்த்ததும் ஏற்றிக்கொண்டாராம். கோவிலுக்குத்தான் போகிறாள் என்று நினைத்துக் கோவிலில் கொண்டுபோய் இறக்கி, சாமி கும்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அடுத்த நாள் அவளுடைய பெரியப்பா மகன் ஏற்றிக்கொண்டு வந்தான். அதற்கடுத்த நாள் பால் வண்டி. "ஏட்டி, நீ நடக்கப் போறியா, ஊரச் சுத்திப் பாக்கப் போறியா?" என்று கத்தினேன். "என்ன மதினி செய்ய, கையப் புடிச்சு இழுக்காத கொறையா கூப்பிடுதாவ" என்றாள்.

கண்மாய்க் கரைப் பக்கம் போகலாம் என்றால் அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது, நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். கண் தெரியாதவள் அங்கே போக முடியாது. அதனால் ரோட்டிலேயே, யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காமல், தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்து பார்த்தாள். அதற்குப் பலன் நாலாம் நாள் தெரிந்தது. வத்திராயிருப்பில் இருக்கும் அவளுடைய தம்பி முத்துக்குமரன், ஒரு வாடகைக் காரில் மூன்று பெரிய மனிதர்களோடு வந்து இறங்கினான். அக்கா புருஷனோடு கோபித்துக்கொண்டு தினமும் வீட்டைவிட்டுப் போகிறாள் என்றும், ஊர் எல்லையில் மனசு மாறித் திரும்பிவிடுகிறாள் என்றும் அவனுக்குச் செய்தி போயிருக்கிறது.

"எங்க அக்காவ என்ன செஞ்சீக மச்சான்?" என்று அவன் கேட்க, நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த சோலைராஜ் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முழிக்கிறார். அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூட வந்த பெரிய மனிதர்களைப் பார்த்ததும் சர்க்கரை என்கிற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. "சண்டையெல்லாம் இல்லடா, காத்தாட நடந்தேன்" என்றாள். யாரும் நம்பவில்லை. அவர்கள் சோலைராஜுக்கு ஒரு மணி நேரம் புத்தி சொல்லி, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் பாவம், "நான் வண்டி வச்சிருக்கும்போது நீ ரோட்டுல நடந்தா ஊரு என்னையத்தான பேசும்" என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார். இரண்டு வாரம் நடை நின்றுபோயிற்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கோவிலுக்குத் தேங்காய் பழத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஐயாதுரை அண்ணாச்சி வழக்கம்போல வண்டியை நிறுத்தியவர், அவள் கையில் இருந்த தட்டைப் பார்த்துவிட்டு, "நேர்த்திக்கடனா தாயி? நடந்து வாரேன்னு வேண்டியிருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஏதோ ஒரு நினைப்பில் தலையை ஆட்டிவிட்டாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். சாமிக்கு நடப்பவரை வண்டியில் ஏற்ற எங்கள் ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

அன்று மில்லுக்குள் வந்து இதைச் சொல்லிவிட்டு நாகஜோதி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மறுநாளிலிருந்து மஞ்சள் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு எலுமிச்சம்பழம். ஒரு வண்டி நிற்கவில்லை. எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கோவிலுக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் ஒரு தரம் போய் வருவாள். வேர்க்க வேர்க்க நடந்தாள். முகத்தில் ஒரு களை வந்தது. சுகாதார நிலையத்தில் பார்த்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷம். சாமி பெயரில் பொய் சொல்கிறோமே என்று அவள் மருகியபோது, மாரியம்மனுக்கு உன்னைவிட அறிவு உண்டு என்று நானே சொன்னேன்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா. பூக்கட்டுகிற செல்வலட்சுமி அவளை நிறுத்தி, "நேர்த்திக்கடனுக்குப் போறவ செருப்புப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து இவள் வீட்டிலிருந்து செருப்போடு வந்து, மில்லுக்குப் பின்பக்கச் சந்தில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வாள். ஒரு வாரம் இப்படி நடந்திருக்கிறது.

அன்று மில்லில் கூட்டம் இல்லை. திரும்பி வந்தவள் செருப்பை மறந்து, நேராக உள்ளே வந்து என்னோடு பேசிக்கொண்டு நின்றாள். கேழ்வரகு அரைத்து முடித்து, தரையெல்லாம் மாவு படிந்து கிடந்தது. அவள் நடந்து வந்த தடம் மாவில் அப்படியே விழுந்திருந்தது. இடது பாதம் பதிந்த ஒவ்வொரு தடத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

"ஏட்டி, கால்ல என்னட்டி?"

"ஒண்ணுமில்லையே மதினி."

உட்கார வைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில் ஒரு உடைமரத்து முள், பாதி உள்ளே ஒடிந்து, சுற்றிலும் சதை வெளுத்துப்போய் இருந்தது. அன்றைக்குக் குத்தியது இல்லை. இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். அவளுக்குத் தெரியவே இல்லை. கண்ணும் பார்க்கவில்லை, காலும் சொல்லவில்லை. இருளம்மாளின் கால் போனதும் இப்படி ஒரு முள்ளில்தான் தொடங்கியது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் சத்தமே இல்லாமல் அழுதாள்.

பரிபூரணம் சிஸ்டர் முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டே திட்டித் தீர்த்தார். "சர்க்கர உள்ளவுகளுக்குக் காலு மரத்துப்போகும், வீட்டுக்குள்ளகூடச் செருப்பு இல்லாம நடக்கக் கூடாதுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லல? புண்ணோட போனா முகாமுல ஒங்கள எடுக்கவே மாட்டாவ. கண்ணும் போயி காலும் போகணுமா ஒங்களுக்கு?" முகாமுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

புண் ஆறும் வரை வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி கையையும் காலையும் நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்தார் சிஸ்டர். சோலைராஜ் தினமும் அவளை வண்டியில் கூட்டிப்போய்க் கட்டு மாற்றிக் கொண்டுவந்தார். ஒருநாள் பஞ்சு மில் வேனிலிருந்து இறங்கும்போது அவர் கையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கறுப்பு ஷூ. விரல் இடிக்காமல் இருக்க ஒரு அளவு கூட்டி வாங்கியிருந்தார். "ஊரு பேசுனா பேசட்டும். நீ நட" என்றார். அந்த மனுஷன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

புண் ஆறி, சிஸ்டர் சரி என்று சொன்ன பிறகு, நாகஜோதி சேலைக்குக் கீழே கறுப்பு ஷூ தெரிய மறுபடி ரோட்டில் இறங்கினாள். நான் மில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்கு எதிரில், ஐயாதுரை அண்ணாச்சியே வண்டியை நிறுத்தினார்.

"என்ன தாயி இது, நேர்த்திக்கடனுக்குப் பூட்ஸா? சாமி குத்தமாயிரும், கழட்டு."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாகஜோதி நின்றாள். இன்னொரு பொய்யை யோசிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நேர்த்திக்கடன்லாம் இல்ல அண்ணாச்சி" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. "எனக்குச் சர்க்கர இருக்கு. ஆறேழு வருசமா இருக்கு. நடந்து கொறச்சாத்தான் கண்ணு ஆபரேசன் செய்வாவ. செருப்பில்லாம நடந்துதான் காலுல புண்ணு வந்துச்சு. நீங்கல்லாம் பிரியமாத்தான் கூப்பிடுதீக. ஆனா என்னைய வண்டியில ஏத்துனா எங் கண்ணு போயிரும். ஒங்களக் கும்பிடுதேன், என்னைய நடக்க விடுங்க."

மிஷினைக்கூட நிறுத்தாமல் நான் ரோட்டுக்கு ஓடினேன். "இருளம்மா மகளுக்கும் வந்துருச்சா" என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் நகரவில்லை.

ஐயாதுரை அண்ணாச்சி வண்டியிலிருந்து இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் நாலு வருசமா இருக்கு தாயி" என்றார். "வீட்டுக்காரிக்கே தெரியாது. மாத்திரைய கடையிலதான் வச்சிருக்கேன். ஆனா நடக்கணும்னு சொன்னாவ, இந்த வண்டிய விட்டு நான் எறங்குனதே இல்ல." அப்படியே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் மில் வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, "நட தாயி, பின்னாலயே வாரேன்" என்றார். அடுத்த வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து நடப்பது சரியாக இருக்காது என்று இருபது அடி தள்ளியே நடந்தார். கோவில் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டதாம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் எனக்கு எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். வண்டியில் ஏறு என்று வதைத்த அதே ஊர், இப்போது ஏறாதே என்று வதைக்க ஆரம்பித்தது. அவள் செத்த நேரம் நின்று யாரோடாவது பேசினால் போதும், "பேச்சு பொறவு, மொதல்ல நடங்க" என்று வண்டியில் போகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். டீக்கடைக்காரர் அவளுக்குச் சீனி போட்ட டீ தர முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பாயச வாளி அவள் இலையைத் தாண்டிப் போனது, அவளும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். செல்வலட்சுமி ஒருநாள் மில்லுக்கு வந்து, தனக்கும் ஒரு வருஷமாக இருக்கிறது என்று என் காதோடு சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து நாகஜோதியோடு சேர்ந்துகொண்டாள். நடக்கிறவர்கள் எல்லாரும் வண்டியை என் மில் வாசலில்தான் நிறுத்தினார்கள். மாவு அரைக்க வருகிறவர்கள் உள்ளே வர வழியில்லை. தினமும் சாயங்காலம் நான் கத்துவேன். ஒருவரும் காதில் வாங்கியதில்லை.

மழைக்கு முந்தின முகாம் வந்தது. நானும் சோலைராஜும் கூடப் போனோம். அன்றைக்கு அவர் லீவு போட்டிருந்தார். வரிசையில் நிற்கும்போது நாகஜோதி என் கையைப் பிடித்திருந்தாள். இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினால் நான் அங்கேயே யாரையாவது அடித்துவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. விரலில் குத்தினார்கள். பிறகு காலைக் காட்டச் சொன்னார்கள். ஷூவைக் கழற்றிக் காட்டினாள். புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டும் இருந்தது. விரலில் குத்திய பெண் சர்க்கரை பார்க்கும் மிஷினைப் பார்த்தாள், சீட்டில் ஏதோ எழுதினாள். தலை நிமிராமலே, "அந்தக் கடைசி வரிசைக்குப் போங்க" என்றாள்.

நாகஜோதி நகரவில்லை. "வீட்டுக்குப் போற வரிசையாம்மா?" என்று கேட்டாள்.

"ஆபரேசன் வரிசைம்மா. நூத்தி எழுவதுக்குள்ளதான இருக்கு. பையி கொண்டு வந்திருக்கீகளா?"

பை கொண்டு வரவில்லை. இரண்டு தரம் பையோடு போய்த் திரும்பியதால் இந்தத் தடவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். சோலைராஜ் பஜாருக்கு ஓடிப்போய் ஒரு சேலையும் துண்டும் சோப்பும் வாங்கி வந்து, பஸ் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பஸ் போன பிறகும் அவர் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் தோளில் தட்டிக் கூட்டி வந்தேன்.

இடது கண் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் திரும்பி வருகிறாள் என்று போன் வந்தது. கண்ணில் தூசி படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். முந்தின நாளே மில்லை நிறுத்தி, தரை, சுவர், படி எல்லாம் கழுவி விட்டேன். அன்று காலையில் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். சோலைராஜின் வண்டியிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினாள். நிழலுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள். பக்கத்தில் வந்து, என் தலையைத் தொட்டு, விரலைத் தேய்த்துப் பார்த்தாள். மறுபடியும் தொட்டாள்.

"மதினி, இன்னைக்கு மில் ஓடலையா?"

"நீ வருதேன்னு நேத்தே நிறுத்திட்டேன். தலைக்குக் குளிச்சிட்டு நிக்கேன். ஏன்ட்டி?"

"அப்ப இதெல்லாம் நரையா?" என்றாள். "இம்புட்டு நாளும் ஒங்க தலையில மாவு கெடக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

எதையாவது சொல்லித் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வாசலில் நின்று எல்லாரும் பார்க்க அழுதேன். நாகஜோதி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுருக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழாதீக மதினி" என்றாள். "நான் அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ."